கிராக்ட்ரோவைத் திரும்ப எழுதுவோம்: 202 பிளாக், 63 சைக்கிள், நடுங்கும் வண்ணப் பட்டைகள்

#1 ராஸ்டர்63

80களின் கிராக்ட்ரோ, அதாவது நகல் தடுப்பை நீக்கிய விளையாட்டுக்கு முன்னால் அந்தக் குழு ஒட்டிய சிறு அறிமுகத் திரை (இன்ட்ரோ), என்றதும் எல்லாரும் வண்ணப் பட்டை, ஓடும் எழுத்து (ஸ்க்ரோலர்), சிட் இசை என்று அதன் அழகைச் சொல்கிறோம். அது ஏன் அந்த உருவத்தில் வந்தது என்று கேட்டால் பதில் கணக்கில் இருக்கிறது. இந்த இழையில் அந்தக் கணக்கைப் பேசலாம்.

கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியில் ஒரு நிரல் வழக்கமாக 2049ஆம் முகவரியில் ஏறும். 53248ல் விக் (படம்), சிட் (ஒலி) சிப்புகளின் ரிஜிஸ்டர்கள் தொடங்கிவிடுவதால் சாதாரண லோட் அதற்கு முன்னால் நின்றாக வேண்டும். இடையில் இருப்பது 51,199 பைட். 1541 டிஸ்க் டிரைவில் ஒரு பிளாக்கில் 254 பைட் தரவு. வகுத்துப் பாருங்கள், 202 பிளாக். ஒரே ஃபைலாக வரும் விளையாட்டு அதற்குள் அடங்க வேண்டும். விளையாட்டோ ஓடும்போது ஏறக்குறைய முழு 64 கேபியையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே அதைச் சுருக்கி, மிஞ்சிய பிளாக்குகளில் இன்ட்ரோவை நுழைத்தார்கள். பல நேரம் மிஞ்சியது 10, 15 பிளாக்தான். ஒரு லோகோ, ஒரு எழுத்துரு, ஒரு பாட்டு, ஒரு ஸ்க்ரோலர், அதோடு இடம் தீர்ந்துவிடும்.

பயிற்சி இது: 16 பிளாக்குக்குள், அதாவது 4,064 பைட்டுக்குள், பட்டை, ஸ்க்ரோலர், இசை, ஸ்பேஸ் அழுத்தினால் அடுத்த நிரலுக்குத் தாவுதல். அசெம்ப்ளருக்கு ஆக்மி அல்லது கிக் அசெம்ப்ளர். எமுலேட்டருக்கு வைஸ், அதிலும் எக்ஸ்64எஸ்சி என்ற சைக்கிள் துல்லியப் பதிப்பு மட்டும். முகவரிகளை, நினைவகத்தில் எண் எழுதும் போக் கட்டளைக்கு வாகாகப் பதின்ம எண்ணிலேயே தருகிறேன்.

#2 கற்றுக்குட்டி

பட்டையிலேயே மாட்டிக்கொண்டேன். 100ஆவது வரியில் ராஸ்டர் இன்டரப்ட் (திரையை வரையும் கதிர் அந்த வரிக்கு வந்ததும் சிபியுவை அழைக்கும் குறுக்கீடு) வைத்து, பார்டர், பின்னணி நிறங்களான 53280, 53281 இரண்டிலும் நிறம் மாற்றுகிறேன். மூன்று தொல்லை:

பட்டையின் விளிம்பு இடம் வலமாக நடுங்குகிறது.
எட்டு வரிக்கு ஒரு முறை நிறம் தாமதமாக மாறுகிறது.
எப்போதாவது திரையில் எங்கோ ஒரு இடத்தில் பட்டை பளிச்சென்று வந்து மறைகிறது.

#3 ராஸ்டர்63

மூன்றுக்கும் மூன்று காரணம். எளிதானதிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கோ பளிச்சிடுவது: சிஐஏ சிப்பின் டைமர் இன்டரப்ட்டை நீங்கள் அணைக்கவில்லை. விசைப்பலகையைப் பார்க்க வினாடிக்குச் சுமார் 60 முறை அதுவும் 788, 789 வெக்டர் (இன்டரப்ட் வந்தால் தாவ வேண்டிய முகவரி) வழியாகவே வரும். உங்கள் பட்டைக் குறியீட்டை ஓட்டிவிட்டுப் போகும். இன்டரப்ட்டைத் தடுக்கும் எஸ்இஐ கட்டளை போட்டதும் 56333ல் 127 எழுதுங்கள், பிறகு அதே முகவரியை ஒரு முறை படித்துத் தேங்கியிருப்பதைத் தீர்த்துவிடுங்கள். அதன்பின் 53274ல் 1, 53266ல் வரி எண், 53265ல் 27. இந்தக் கடைசி எண்ணை நேராக எழுத வேண்டும். 53265ஐப் படித்து ஒரு பிட்டை மாற்றித் திரும்ப எழுதினால் மோசம் போவீர்கள்: படிக்கும்போது அதன் 7ஆம் பிட் கதிர் இப்போது 255ஐத் தாண்டியதா என்று சொல்கிறது, எழுதும்போது அதே பிட் இன்டரப்ட் வரியின் ஒன்பதாவது பிட்டாகிறது. கதிர் திரையின் அடியில் இருக்கும்போது படித்திருந்தால் 100 என்பது 356 ஆகிவிடும். அப்படி ஒரு வரியே கிடையாது, இன்டரப்ட் வராது.

இன்டரப்ட்டுக்குள் 53273ல் 1 எழுதி அதைத் தீர்க்க மறந்தால் நேர்மாறான கதி. இன்டரப்ட்டிலிருந்து திரும்பும் ஆர்டிஐ முடிந்த கணமே மறுபடி உள்ளே இழுக்கும். முதன்மை நிரல் நகரவே நகராது.

எட்டு வரிக்கு ஒரு முறை: இதுதான் பேட்லைன். பால் (ஐரோப்பிய டிவி முறை) இயந்திரத்தில் ஒரு வரி 63 சைக்கிள். எழுத்து வரிசை தொடங்கும் ஒவ்வொரு வரியிலும் விக் சிப் 40 எழுத்துகளின் எண்களை எடுக்க நினைவகப் பாதையைப் பிடித்துக்கொள்ளும். சிபியுவுக்கு மிஞ்சுவது 20லிருந்து 23 சைக்கிள். 53265ல் 27 இருந்தால் செங்குத்து நகர்வு 3, ஆகவே 51, 59, 67 என்று எட்டெட்டாக வரும். உங்கள் பகுதியில் 99, 107, 115. எண்ணை ஏற்றும் எல்டிஏ உடனடி மதிப்பு 2, அதை நினைவகத்தில் எழுதும் எஸ்டிஏ இரண்டு 4+4, மொத்தம் 10 சைக்கிள். சாதாரண வரியில் மீதி 53ஐ வீணாக்க வேண்டும், பேட்லைனில் மீதி 10தான். ஒரே சுழற்சிக்குள் இரண்டையும் அடக்கப் பார்த்தால் சுழற்சியின் சொந்தச் செலவே 20ஐத் தாண்டிவிடும். எட்டு வரிகளையும் நேர் வரிசையாக விரித்து எழுதி, எட்டில் ஒன்றை மட்டும் குட்டையாக வையுங்கள். ஸ்பிரைட் (தனியாக நகரும் சிறு படம்) இருந்தால் கணக்கு இன்னும் இறுகும். ஒரு வரியில் எட்டும் இருந்தால் மேலும் 19 சைக்கிள் வரை போகும்.

இன்னொரு வழி, பேட்லைனே வராத இடத்தில் பட்டையை வைப்பது, அதாவது மேல் கீழ் பார்டரில். பல பழைய இன்ட்ரோக்களில் பட்டைகள் லோகோவுக்கு வெளியே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடுக்கம்: 64இன் சிபியுவான 6510 ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை முடிக்காமல் இன்டரப்ட்டுக்கு வராது. கட்டளை 2 சைக்கிளாகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். ஒரு சைக்கிளுக்கு 8 பிக்சல். 7 சைக்கிள் ஆட்டம் 56 பிக்சல் நடுக்கம். நினைவில் வையுங்கள், வரியின் 63 சைக்கிளில் சுமார் 50 மட்டுமே கண்ணுக்குத் தெரியும். நிற மாற்றத்தை அந்த மறைவான 13 சைக்கிளுக்குள் விழவைத்தால் 7 சைக்கிள் ஆட்டம் அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். முழுத் துல்லியம் தேடாமல் சில நாப் (ஒன்றும் செய்யாத கட்டளை) மட்டும் போட்டுச் சரிசெய்த இன்ட்ரோக்கள் ஏராளம்.

முழுத் துல்லியம்தான் வேண்டும் என்றால் இரட்டை இன்டரப்ட். 100ஆம் வரியில் முதல் இன்டரப்ட் வந்ததும் அடுத்ததை 101க்கு வைத்து, 53273ஐத் தீர்த்து, டிஎஸ்எக்ஸால் ஸ்டாக் இடத்தைக் குறித்துக்கொண்டு, இன்டரப்ட்டை மீண்டும் அனுமதிக்கும் சிஎல்ஐ போட்டு வரிசையாக நாப்களை ஓடவிடுங்கள். இரண்டாவது வரும்போது ஓடுவது நிச்சயம் 2 சைக்கிள் நாப். ஆட்டம் 0 அல்லது 1 என்று சுருங்கிவிட்டது. டிஎக்ஸ்எஸ் போட்டு உள் திரும்பலைத் தள்ளிவிட்டு, வரி முடியும் தறுவாய்வரை காத்திருந்து, எல்டிஏ 53266, ஒப்பிட சிஎம்பி 53266, உடனே சமமானால் தாவும் பிஇக்யூவால் அடுத்த கட்டளைக்கே கிளை. இடையில் வரி மாறியிருந்தால் கிளை எடுக்காமல் 2 சைக்கிள், மாறாவிட்டால் எடுத்து 3. மிஞ்சிய ஒரு சைக்கிளும் சமன். அந்தக் கிளை 256 பைட் பக்க எல்லையைத் தாண்டினால் 3க்குப் பதில் 4 ஆகும், நடுக்கம் திரும்ப வரும். நேற்றுவரை சரியாக ஓடியது, மேலே இரண்டு வரி சேர்த்ததும் கெட்டுப்போனது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

#4 சிட்சத்தம்

இசைப் பக்கம். பெரும்பாலான சிட் பாட்டுகள் 4096ல் தொடக்கம், 4099ல் ஒரு ஃபிரேமுக்கு ஒரு முறை இசைப்பு என்ற வழக்கத்தில் இருக்கும். ஏ ரிஜிஸ்டரில் 0 வைத்து 4096ஐ ஒரு தடவை அழையுங்கள், பிறகு இன்டரப்ட்டில் 4099. பிளேயர் பூச்சியப் பக்கத்தில் (நினைவகத்தின் முதல் 256 பைட்) பெரும்பாலும் 251 முதல் 254 வரை எடுத்துக்கொள்ளும். உங்கள் ஸ்க்ரோலரும் அதே முகவரிகளைச் சுட்டியாக வைத்திருந்தால் சில வினாடி ஒழுங்காக ஓடிவிட்டுக் குப்பை எழுத்து வரும்.

பழைய 6581 சிப்பில் 54296இன் ஒலியளவை வேகமாக மாற்றியே 4 பிட் பேச்சு, டிரம் வரவழைத்தார்கள். அந்தச் சிப்பின் வெளியீட்டில் இருந்த நேர்மின்னழுத்த விலகல்தான் அதற்கு உயிர். பின்னால் வந்த 8580ல் அந்தக் குறை திருத்தப்பட்டதால் அதே ஒலி காதில் விழாத அளவுக்கு மெலிந்தது. வைஸில் பழைய டெமோ ஊமையாகத் தெரிந்தால் சிப் மாதிரியை 6581க்கு மாற்றிப் பாருங்கள். ஃபில்டர் மட்டும் 6581க்கு 6581 வேறுபடும்; ஒரு இயந்திரத்தில் கணீரென்ற பேஸ் இன்னொன்றில் போர்வைக்குள் கேட்பது மாதிரி இருக்கும். அதற்கு நிரலில் மருந்து இல்லை.

#5 பிளாக்664

இன்ட்ரோவைப் பற்றி மட்டும் பேசினால் பாதி விஷயம்தான். அதன் பின்னால் இருந்த வேலையைச் சேர்க்கிறேன்.

1541க்குச் சொந்த 6502 சிபியுவும் 2 கேபி ராமும் உண்டு. ஒரு பக்கத்தில் 35 டிராக், 683 பிளாக், பயனருக்கு 664. 64இன் உள்ளமைந்த ரோம் நிரலான கெர்னல் வழியாக வினாடிக்குச் சுமார் 400 பைட்தான் வரும். 202 பிளாக் ஃபைலுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல். அதனால் கிராக் செய்தவர்கள் டிரைவுக்குள்ளேயே தங்கள் குறியீட்டை ஏற்றி, ஒரு நேரத்தில் இரண்டு பிட் அனுப்பும் ஃபாஸ்ட்லோடர்களைச் சேர்த்தார்கள். லோட் ஆகும்போது பல லோடர்கள் திரையை அணைப்பதற்குக் காரணம், பேட்லைன் குறுக்கே வந்தால் நேரக்கணக்கு தப்பி பைட் கெட்டுவிடும்.

முதல் காலப் பாதுகாப்பு, டிஸ்க்கில் வேண்டுமென்றே எழுதிய பிழைப் பிளாக். விளையாட்டு அதைப் படித்து, 23ஆம் எண் போன்ற பிழை வருகிறதா என்று பார்க்கும். வராவிட்டால் நகல் என்று தீர்மானம். படிக்க முடியாதபோதெல்லாம் டிரைவ் தலையை முதல் டிராக் பக்கம் இடித்துக்கொள்ளும். அந்தக் கடகட சத்தம் கேட்பதோடு போகாது, நாளடைவில் தலையின் சீரமைப்பே விலகும். காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட கிராக் செய்த பிரதியை விரும்பியதற்கு இது நியாயமான காரணம். இந்த வகைச் சோதனையை நீக்க அதை அழைக்கும் ஜேஎஸ்ஆர் கட்டளையின் மூன்று பைட்டை 234, 234, 234 என்று நாப் ஆக்கினால் போதும். பின்னால் வந்தவை அப்படி விடவில்லை. சோதனைக் குறியீட்டின் கூட்டுத்தொகையையே சாவியாக்கி அடுத்த பகுதியை அவிழ்த்தன, ஒரு பைட் தொட்டாலும் எல்லாம் குப்பை. கொமடோரின் பிந்தைய கணினியான அமிகாவில் ராப் நார்தனின் காப்பிலாக் இன்னும் ஒரு படி மேல்: அதன் சிபியுவான 68000இன் டிரேஸ் முறையை (கட்டளைக்குக் கட்டளை நிற்பது) வைத்து ஒவ்வொரு கட்டளையையும் ஓடும் நேரத்தில் மட்டும் அவிழ்த்தது.

ஃப்ரீசர் கார்ட்ரிட்ஜில் பொத்தானை அமுக்கி நினைவகத்தை அப்படியே சேமித்ததைக் குழுக்கள் கிராக்காக மதிக்கவில்லை. அந்த மதிப்பீடு சரி என்றே நான் நினைக்கிறேன். ஃப்ரீசர் 64 கேபியையும் குப்பையோடு அள்ளும், சுருங்காது, அடுத்த கட்டத்தை டிஸ்க்கிலிருந்து எடுக்கும் விளையாட்டில் பயன்படவும் செய்யாது. ஒழுங்கான வேலை என்றால் பாதுகாப்பை நீக்கி, பயன்படாத நினைவகத்தைப் பூச்சியமாக்கி, முதலில் ஒரே பைட் தொடர்களைச் சுருக்கும் பேக்கர், அதன்மேல் இன்னும் ஆழமாகச் சுருக்கும் கிரஞ்சர். 1 மெகாஹெர்ட்ஸ் இயந்திரத்திலேயே கிரஞ்ச் செய்ய மணிக்கணக்கில் ஆகும். இன்று எக்ஸோமைசர் என்ற சுருக்கி பிசியில் நொடிகளில் முடித்து, தானே விரியும் ஃபைலாகவும் தந்துவிடுகிறது.

#6 பழைய_அமிகா

ராஸ்டர்63 சொன்ன நடுக்கம், பேட்லைன் இதெல்லாம் அமிகாவில் சிபியுவின் தலைவலியே இல்லை. காப்பர் என்ற துணைச் செயலி கதிரோடு சேர்ந்து நடக்கும். மூன்றே கட்டளை: வெயிட், மூவ், ஸ்கிப். இந்த வரி வரும்வரை நில், பின்னணி நிற ரிஜிஸ்டரில் இதை எழுது, அடுத்த வரி. 68000 அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்கும். ஒரு மூவுக்கு 8 பிக்சல் அகலம் செலவாகும். 320 பிக்சல் வரியில் 40 முறை நிறம் மாற்றலாம்.

தவறுவது இரண்டு இடத்தில். காப்பர் பட்டியல் சிப் ராமில் (படம், ஒலி சிப்புகள் எட்டக்கூடிய நினைவகம்) இருந்தாக வேண்டும். 512 கேபி கூடுதல் நினைவகம் பொருத்திய ஏ500ல் உங்கள் தரவு அங்கே போய் உட்கார்ந்தால் நினைவகத்தைக் கையாளும் பழைய ஆக்னஸ் சிப்புக்கு அது கண்ணிலேயே படாது, திரை முழுக்கக் கோலம். அசெம்ப்ளரில் அந்தப் பிரிவைச் சிப் ராம் என்று குறியுங்கள். இரண்டாவது, வெயிட்டின் வரி எண் 8 பிட். பால் திரையில் 255க்குக் கீழே போக, முதலில் 255ஆம் வரியின் கடைசிக்கு ஒரு வெயிட், பிறகு 0விலிருந்து புது எண். இதை மறந்தால் அடிப்பகுதிப் பட்டைகள் எல்லாம் ஒரே வரியில் குவியும்.

அமிகா இசை வடிவமான மாட் ஃபைல் பிரிக்க விரும்புவோருக்கு: பெயர் 20 பைட், சாம்பிள் தலைப்பு 31 × 30, பாட்டு நீளம் 1, இன்னொரு பைட் 1, வரிசைப் பட்டியல் 128. ஆக 1080ஆம் பைட்டில் ‘எம்.கே.’ என்ற நாலெழுத்து அடையாளம், 1084லிருந்து பேட்டர்ன்கள், ஒவ்வொன்றும் 64 வரி × 4 சேனல் × 4 பைட் = 1024. கார்ஸ்டன் ஒபார்ஸ்கியின் 1987 சவுண்ட்டிராக்கர் காலத்து ஃபைல்களில் 15 சாம்பிள்தான், அடையாளமும் கிடையாது. பேட்டர்ன் 600லேயே தொடங்கும். சாம்பிள் நீளம் பைட்டில் அல்ல, இரண்டு பைட் சொற்களில். இதை மறந்த பிளேயர்களில் எல்லா வாத்தியமும் பாதியில் அறுந்து ஒலிக்கும்.

#7 ராஸ்டர்63

காப்பர் அருமையான வடிவமைப்பு, மறுக்கவில்லை. ஆனால் கற்றுக்கொள்ள 64தான் சரியான இடம் என்பேன். காப்பர் உங்களுக்காகக் காத்திருக்கிறது. 6510ல் நீங்களே காத்திருக்க வேண்டும், ஆகவே ஒவ்வொரு சைக்கிளும் எங்கே போனது என்று தெரிந்தே தீரும்.

#8 கற்றுக்குட்டி

இரட்டை இன்டரப்ட் நின்றது, பட்டை கல் மாதிரி அசையாமல் இருக்கிறது. நன்றி. கிளை பக்க எல்லையில்தான் இருந்தது. இப்போது கீழ் பார்டரைத் திறந்தேன். திறந்தது, ஆனால் அங்கே கருப்புச் செங்குத்துக் கோடுகள் நிற்கின்றன.

#9 ராஸ்டர்63

16383ல் 0 எழுதுங்கள். எழுத்துப் பகுதி முடிந்தபின் விக் சிப் காட்ட ஒன்றுமில்லாமல் தன் 16 கேபி வங்கியின் கடைசி பைட்டையே படித்து, கருப்பில் திரும்பத் திரும்ப வரைகிறது. அங்கே என்ன பிட் இருக்கிறதோ அதுவே கோடு. வேறு வங்கியில் இருந்தால் அந்த வங்கியின் கடைசி பைட்.

திறப்பதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 25 வரிசை முறையில் விக் சிப் 251ஆம் வரியில் பார்டரை மூடும், 24 வரிசை முறையில் 247ல். 248க்கும் 250க்கும் இடையில் 53265ல் 19 எழுதி 24க்கு மாற்றினால், 247 ஏற்கெனவே கடந்துவிட்டது, 251 இப்போது பொருந்தாது. மூடும் கணமே வரவில்லை. அடுத்த ஃபிரேமுக்காக 252க்குமேல் 27ஐத் திரும்ப எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த முறையிலிருந்து 247லேயே மூடிவிடும், பிறகு திறக்கவே திறக்காது. திறந்த இடத்தில் எழுத்து வராது, ஸ்பிரைட் மட்டும் வரும்.

#10 256பைட்

இதே மனநிலை பிசியில் டாஸ் 256 பைட் இன்ட்ரோவாக இன்னும் உயிரோடு இருக்கிறது. 2020 ரிவிஷன் டெமோ விழாவில் ஹெல்மூட் வெளியிட்ட மெமரிஸ் 256 பைட்டில் எட்டு காட்சிகள்.

தொடங்கும் இடம்: காம் ஃபைல் (டாஸின் சிறு நிரல் வடிவம்) ஏறும்போது டாஸ் வழக்கமாக ஏஎக்ஸ் ரிஜிஸ்டரில் 0 வைத்திருக்கும், ஆகவே அதன் கீழ்ப் பாதியான ஏஎல்லில் மட்டும் பதினாறடிமான 13 வைத்து இன்ட் 10 அழைத்தால் 4 பைட்டில் 320×200, 256 நிறம். வெளியேற ஒரு பைட் ரெட் (திரும்பும் கட்டளை) போதும். ஸ்டாக்கில் டாஸ் வைத்த 0 வழியாக நிரல் முடியும் இடத்துக்குத் தானே போகும்.

இதில் மிக அழகான துண்டு, ரோலா தந்திரம் என்று சொல்லப்படுவது. திரை முகவரி டிஐ என்பது y × 320 + x. அதிலிருந்து x, y பிரிக்க 320ஆல் வகுத்தால் 9 பைட் ஆகும். அதற்குப் பதில் ஏஎக்ஸில் 52429 வைத்து டிஐயால் பெருக்குங்கள், 5 பைட்தான். 52429 என்பது 65536இன் 0.8 பங்கு, பெருக்கலின் மேல் பாதி டிஎக்ஸில் டிஐ × 0.8 ஆக வரும். 320 × 0.8 = 256. ஆக டிஹெச்சில் y, டிஎல்லில் 0 முதல் 255 வரை அளவு சுருங்கிய x. ஒரு பெருக்கலில் இரண்டு ஆயங்களும் தனித்தனி ரிஜிஸ்டரில் வந்து விழுகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு குறைவதில்லை.

64 பிட் விண்டோஸில் இது ஓடாது. டாஸ்பாக்ஸில் சைக்கிள் எண்ணிக்கையை நிலையாக வைத்து ஓட்டுங்கள், இல்லையேல் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். 4 கேபி விண்டோஸ் இன்ட்ரோ முயல்வோர் கிரிங்க்ளர் என்ற சுருக்கியைப் பயன்படுத்தினால் வைரஸ் தடுப்பு நிரல் ஃபைலைத் தூக்கிவிடக்கூடும். சுருக்கிய ஃபைலின் வடிவத்தைப் பார்த்து எழும் தவறான சந்தேகம் அது. வேலை செய்யும் ஃபோல்டரை முன்கூட்டியே விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

#11 பிளாக்664

ஃபின்லாந்து 2020லும், ஜெர்மனியும் போலந்தும் 2021லும் டெமோசீனை (டெமோ செய்வோரின் கலைச் சமூகம்) தங்கள் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தன. மகிழ்ச்சி. ஆனால் அந்த மரபைப் பற்றி எழுதும்போது கிராக் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஃபேர்லைட், ட்ரையட், ரேஸர் 1911 மூன்றும் கிராக் செய்த குழுக்கள், டெமோவும் செய்தார்கள். யார் முதலில் வெளியிடுவது என்ற போட்டியில் இன்ட்ரோ கையெழுத்தாக இருந்தது. அவசரத்தில் ஸ்க்ரோலர் உரையை மட்டும் மாற்றி அதே இன்ட்ரோவை மாதக்கணக்கில் ஓட்டினார்கள். அந்த அவசரம் இல்லாத இடத்தில், விளையாட்டுக்கு இடம் விட வேண்டியில்லாமல், முழு நினைவகமும் முழு ஃபிரேமும் கிடைத்தபோது டெமோ தனியாக வளர்ந்தது. 1993 அசெம்ப்ளி விழாவில் ஃபியூச்சர் க்ரூவின் செகண்ட் ரியாலிட்டி வந்தபோது பின்னால் விளையாட்டு என்று எதுவும் இல்லை.

என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) திருத்தத்தையும் மறக்க வேண்டாம். ஐரோப்பிய விளையாட்டு அமெரிக்க 64ல் ஓட ஃபிரேமுக்கு 19,656 சைக்கிளுக்குப் பதில் 17,095 மட்டுமே. வரிகள் 312 அல்ல, 263. 300ஆவது வரிக்காகக் காத்திருக்கும் சுழற்சி அங்கே முடிவே காணாது. இதைத் திருத்துவதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். விளையாட்டு எழுதியவர் விட்ட 2,561 சைக்கிளை வேறொருவர் மூலக் குறியீடு இல்லாமல் தேடிப் பிடித்த வேலை அது.

#12 கற்றுக்குட்டி

கடைசிச் சிக்கல். ஸ்க்ரோலரை அடி வரிசையில், 1984ல் வைத்திருக்கிறேன். எட்டு பிக்சலுக்கு ஒரு முறை எழுத்து உதறுகிறது. லோகோவும் கூடவே ஆடுகிறது. பார்டர் திறப்பும் அதே இடத்தில் இருப்பதால் இன்டரப்ட்கள் மோதுகின்றனவோ?

#13 ராஸ்டர்63

மோத வேண்டியதில்லை, இரண்டையும் ஒரே இன்டரப்ட்டில் சேர்த்துவிடலாம்.

உதறல்: 39 எழுத்தை நகர்த்தும் சுழற்சி எழுத்துக்கு 16 சைக்கிள், மொத்தம் 624, கிட்டத்தட்ட 10 வரி நேரம். அடி வரிசை 243 முதல் 250 வரை வரையப்படுகிறது. அதற்குள் நகர்த்தினால் பாதி பழைய எழுத்து, பாதி புதியது. நகர்த்தலை 250க்குப் பிறகு வையுங்கள். விரித்து எழுதினால் 312 சைக்கிள், ஆனால் 234 பைட் போகும். உங்கள் 4,064ல் அது அதிகம், சுழற்சியே போதும்.

லோகோ ஆடுவது: 53270இன் கீழ் மூன்று பிட்டை ஃபிரேம் முழுக்க மாற்றி வைத்திருக்கிறீர்கள். அடி வரிசைக்கு மட்டும் மாற்ற வேண்டும். 243 பேட்லைன், ஆகவே அதற்கு ஒட்டி நிற்காமல் 240ல் இன்டரப்ட் வைத்து நகர்வு எண்ணை எழுதுங்கள். 3ஆம் பிட்டை 0 ஆக்கி 38 பத்தி முறையும் அங்கேயே. இதற்காக 23ஆம் வரிசையைக் காலியாக விடுங்கள், இல்லாவிட்டால் அதன் கடைசி வரிகள் விலகித் தெரியும்.

பிறகு 249ல் அடுத்தது: 53265ல் 19. 252வரை காத்திரு. 53265ல் 27, 53270ல் 8. அப்புறம் எழுத்து நகர்த்தல், அதன்பின் 4099. அடுத்த பட்டை 100ஆம் வரியில்தான். நடுவே 160 வரி, சுமார் 10,080 சைக்கிள் கையில் இருக்கிறது. இசைக்கு 20, 30 வரி போனாலும் தாராளம்.

கெர்னலை அணைத்து 1ஆம் முகவரியில் 53 வைத்து, 65534 வெக்டரை நேராகப் பிடித்தால் ஒவ்வொரு இன்டரப்ட்டிலும் 29 சைக்கிள் மிச்சம். அப்போது ஏ, எக்ஸ், ஒய் மூன்றையும் நீங்களே சேமிக்க வேண்டும். 65530லும் ஒரு ஆர்டிஐயைக் காட்டி வையுங்கள். வைக்காவிட்டால் யாராவது ரெஸ்டோர் விசையை அழுத்திய கணம் இன்ட்ரோ விழுந்துவிடும்.